நகர மன்றம் ஏற்கவிருக்கும் பாகுபாடு காட்டாமைக் கொள்கை: போக்குவரத்துத் திட்டங்களில் அதற்கு என்ன வேலை?

நடைபாதை எழுதியது:

அமெரிக்காவில் நான் வசிக்கும் நடுத்தர நகரத்தின் மன்றம், கூட்டாட்சி அரசின் பணத்தில் நடக்கும் சாலை, பேருந்து, நடைபாதைத் திட்டங்கள் அனைத்துக்குமான பாகுபாடு காட்டாமைக் கொள்கை ஒன்றை ஏற்கவிருக்கிறது. வரைவைப் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிட்டிருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தில் ‘டைட்டில் சிக்ஸ்’ என்று எல்லோரும் குறிப்பிடும் ஆறாம் தலைப்பே இதற்கு அடிப்படை. கூட்டாட்சி நிதியுதவி பெறும் எந்தப் பணியிலும் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றின் காரணமாக எவரும் விலக்கப்படவோ, பயன் மறுக்கப்படவோ கூடாது என்பது அந்தத் தலைப்பின் சாரம்.

வரைவை முழுவதும் படித்தேன். பொறுப்பு அலுவலர் ஒருவர், புகார்ப் படிவம், ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கான மொழி உதவித் திட்டம், ஒப்பந்தக்காரர்கள் கையெழுத்திட வேண்டிய பின்னிணைப்புகள், மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கை ஆகியவை அதில் இருக்கின்றன. எல்லாம் முறையாகத்தான் இருக்கின்றன. ஆனால் அடுத்த ஆண்டு ஒரு பேருந்துத் தடத்தைக் குறைக்கும்போதோ, ஒரு சாலையை அகலப்படுத்தும்போதோ இந்தக் கொள்கை எந்த இடத்தில் குறுக்கே வந்து நிற்கும் என்று தேடிப் பார்த்தால், அந்த இடம் எனக்குத் தென்படவில்லை. இத்தகைய வரைவுக்குக் கருத்து எழுதுவதில் பயன் உண்டா, உண்டு என்றால் எதைப் பற்றி எழுதுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஐயவாதி எழுதியது:

நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மாநிலத் துறை ஒரு மாதிரி ஆவணத்தைத் தன் தளத்தில் போட்டு வைத்திருக்கும், நகர அலுவலகத்தில் யாரோ ஒருவர் கோடிட்ட இடங்களில் ஊரின் பெயரை நிரப்பி மன்றத்தின் முன் வைப்பார், மன்றம் விவாதமின்றி ஏற்கும், பணம் வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. பாகுபாடு காட்ட மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திடாத அரசு அலுவலகம் அந்த நாட்டில் ஒன்றாவது இருக்கிறதா? அப்படியிருந்தும் எந்தப் பகுதியின் நடுவே நெடுஞ்சாலை போயிற்று, எந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போயிற்று என்பதை வரைபடமே சொல்லிவிடும்.

சட்டவாசகி எழுதியது:

ஐயவாதி அவர்கள் சொல்லும் வரைபடம் உண்மைதான். ஆனால் அந்த வரைபடத்தின் பெரும்பகுதி, கேள்வி கேட்கும் கடமை எவருக்கும் இல்லாத காலத்தில் வரையப்பட்டது. 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைச் செலவில் 90 விழுக்காட்டைக் கூட்டாட்சி அரசு ஏற்றது. அந்தப் பணத்தில்தான் செயின்ட் பால் நகரின் ராண்டோ பகுதியை ஐ-94 நெடுஞ்சாலை இரண்டாகப் பிளந்தது. மயாமியின் ஓவர்டவுன் பகுதிக்குள் ஐ-95 புகுந்தது. நியூ ஆர்லியன்ஸின் கிளெய்போர்ன் அவென்யூவில் வரிசையாக நின்ற ஓக் மரங்கள் 1966இல் வெட்டப்பட்டு, அவற்றின் இடத்தில் மேம்பாலத்தின் தூண்கள் எழுந்தன. மூன்றும் கறுப்பின மக்கள் வாழ்ந்து, வணிகம் செய்து, தங்கள் வாழ்வை அமைத்துக்கொண்ட பகுதிகள்.

நாஷ்வில் நகரத்து வழக்கு இந்த இழைக்கு இன்னும் நெருக்கமானது. கறுப்பினத்தவரின் வணிகத் தெருவான ஜெஃபர்சன் தெருவை ஒட்டி ஐ-40 வருவதை எதிர்த்து அங்குள்ள வணிகர்களும் குடியிருப்போரும் 1967இல் நீதிமன்றம் சென்றார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் நடந்த பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் அறிவிப்பில் கூட்டத்தின் தேதியே தவறாக இருந்தது என்பது அந்த வழக்கில் வெளிப்பட்டது. அப்படியிருந்தும் நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தவில்லை. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. ஆனால் முடிவு எடுக்கப்பட்டு, நிலம் கையகப்படுத்தப்பட்டு, ஒப்பந்தம் தயாரான பிறகு அதைக் கொண்டு எதையும் தடுப்பது அரிதாக இருந்தது. சட்டம் இருப்பதும், அது முடிவுக்கு முன்பே வேலை செய்வதும் வேறு வேறு என்பதை நாஷ்வில் காட்டுகிறது. நடைபாதை அவர்கள் தேடிக் கிடைக்காத ‘குறுக்கே நிற்கும் இடம்’ இதுவேதான்.

ஒரு சிறு விளக்கத்தையும் சேர்க்கிறேன். ஆறாம் தலைப்பு இனம், நிறம், பூர்விக நாடு என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. மாற்றுத்திறன் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவிலும், வயது 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வருகின்றன. பாலினத்தை நெடுஞ்சாலைத் திட்டங்களைப் பொறுத்தவரை 1973ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் சேர்த்தது. உங்கள் நகரத்தின் வரைவு இவை அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் புகார் செல்லும் வழி தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏழாம் தடம் எழுதியது:

தாளில் மட்டும் இருக்கிறது என்று சொல்பவர்கள் ஒஹாயோ மாநிலத்தின் பீவர்கிரீக் நகரத்தில் நடந்ததைப் படிக்க வேண்டும். டேட்டன் வட்டாரப் பேருந்து நிறுவனம், பீவர்கிரீக் எல்லைக்குள் ஒரு பெரிய வணிக வளாகத்துக்கு அருகில் 3 நிறுத்தங்கள் அமைக்க அனுமதி கேட்டது. வேலைக்கும், கல்லூரிக்கும், மருத்துவமனைக்கும் போகிறவர்கள் அதுவரை கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஐ-675 நெடுஞ்சாலையின் மேலுள்ள பாலத்தைக் கால்நடையாகக் கடந்துதான் அந்தப் பகுதிக்கு வர முடிந்தது. நகர மன்றம் நிபந்தனைகளை அடுக்கியது. நிழற்குடைக்குள் வெப்பமூட்டியும் குளிர்சாதனமும் வேண்டும், கண்காணிப்புக் கேமரா வேண்டும், காவல்துறையை அழைக்கும் கருவி வேண்டும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, 2011இல் விண்ணப்பத்தை மறுத்தது. வெளிப்படையாக எவரும் இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தப் பேருந்துகளில் வருபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நகரத்தில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்.

டேட்டனில் இயங்கிய சமயக் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்று கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்திடம் புகார் கொடுத்தது. விசாரணைக்குப் பிறகு, 2013இல் நகரம் ஆறாம் தலைப்பை மீறிவிட்டது என்று நிர்வாகம் முடிவு சொன்னது. நெடுஞ்சாலை நிதி கைவிட்டுப் போகக்கூடும் என்ற நிலை வந்த பிறகு மன்றம் இறங்கி வந்தது. 2014 ஜனவரியில் அந்த நிறுத்தங்களில் பேருந்து நின்றது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. பீவர்கிரீக் பேருந்துக்காகக் கூட்டாட்சிப் பணம் வாங்கவில்லை, சாலைகளுக்காக வாங்கியது. ஆனாலும் பேருந்து நிறுத்தம் பற்றிய முடிவு கேள்விக்கு உள்ளாயிற்று.

சட்டவாசகி எழுதியது:

அதற்கு வழி செய்தது 1988இல் நிறைவேறிய குடிமை உரிமை மீட்புச் சட்டம். 1984இல் உச்ச நீதிமன்றம் ஒரு கல்லூரி வழக்கில், பணம் எந்தப் பிரிவுக்கு வந்ததோ அந்தப் பிரிவை மட்டுமே சட்டம் கட்டுப்படுத்தும் என்று சுருக்கியது. நாடாளுமன்றம் அதை மாற்றி, ஒரு துறையின் ஏதாவது ஒரு பகுதி பணம் பெற்றால் அதன் பணிகள் முழுவதும் கட்டுப்படும் என்று ஆக்கியது. அதிபர் ரேகன் மறுப்பாணை பிறப்பித்தார். அவையினர் அதையும் மீறி நிறைவேற்றினார்கள். எனவே நகரத்தின் கொள்கை ‘கூட்டாட்சிப் பணம் பெறும் திட்டங்களுக்கு மட்டும்’ என்று எழுதப்பட்டிருந்தால், அந்தச் சொற்றொடரைத் திருத்தச் சொல்லிக் கட்டாயம் கருத்து எழுதுங்கள்.

நடைபாதை எழுதியது:

எங்கள் வரைவில் அச்சு அசலாக அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். குறித்துக்கொண்டேன்.

ஐயவாதி எழுதியது:

பீவர்கிரீக் விதிவிலக்கு. மூன்று நிறுத்தங்களுக்காக இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் போராட வேண்டியிருந்தது என்பதையும் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மேலும், அங்கே நகரம் ‘கூடாது’ என்று சொன்னது. அதனால் பிடி கிடைத்தது. பெரும்பாலான இடங்களில் எவரும் கூடாது என்று சொல்வதில்லை. ‘பயணிகள் குறைவு, எனவே இந்தத் தடத்தில் பேருந்து இனி ஒரு மணிக்கு ஒருமுறை’ என்பார்கள். அதை எந்தக் கொள்கை தடுக்கும்?

சாலைப்பொறியாளர் எழுதியது:

போக்குவரத்துத் திட்டமிடலில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஐயவாதி அவர்களின் கேள்விக்கு நேரடியான விடை இருக்கிறது. எல்லா நகரங்களுக்கும் அது பொருந்தாது என்பதுதான் சிக்கல்.

கூட்டாட்சிப் பொதுப் போக்குவரத்து நிர்வாகம் 2012 அக்டோபரில் வெளியிட்ட 4702.1பி என்ற சுற்றறிக்கையே இந்தத் துறையில் எல்லோரும் கையில் வைத்திருந்த வழிகாட்டி. அதன்படி, நிலையான தடங்களில் பேருந்து ஓட்டும் ஒவ்வொரு நிறுவனமும் நான்கு தரங்களை எழுத்தில் வகுக்க வேண்டும்: வண்டியில் எவ்வளவு நெரிசல் வரை ஏற்கலாம், இரண்டு வண்டிகளுக்கு இடையே எத்தனை நிமிடம், நேரம் தவறாமை எவ்வளவு, மக்களின் வசிப்பிடத்திலிருந்து எவ்வளவு தொலைவுக்குள் சேவை கிடைக்க வேண்டும். நிழற்குடை, இருக்கை போன்ற வசதிகளை எங்கே வைப்பது, புதிய வண்டிகளை எந்தத் தடத்துக்கு அனுப்புவது ஆகிய இரண்டுக்கும் கொள்கை வேண்டும். பழைய வண்டிகளெல்லாம் ஒரே பகுதிக்குப் போய்ச் சேரும் வழக்கம் இருந்ததால்தான் கடைசியாகச் சொன்னது வந்தது. இவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, நிறுவனத்தின் ஆட்சிக்குழு அல்லது நகர மன்றம் ஒப்புதல் தந்ததற்கான கூட்டக் குறிப்போடு அனுப்பப்பட வேண்டும்.

நெரிசல் நேரத்தில் 50 வண்டிகளோ அதற்கு மேலோ ஓட்டி, 2,00,000 பேரோ அதற்கு மேலோ வாழும் நகர்ப்பகுதியில் இருக்கும் நிறுவனங்களுக்கு அதே சுற்றறிக்கை மேலும் ஒரு கடமையையும் வைத்தது. பெரிய சேவை மாற்றத்துக்கும், ஏறக்குறைய எல்லாக் கட்டண மாற்றத்துக்கும் முன்பாக, அந்தச் சுமை சிறுபான்மையினர் மீதும் வருமானம் குறைந்தவர்கள் மீதும் கூடுதலாக விழுகிறதா என்று கணக்கிட வேண்டும். சிறுபான்மையினர் மீது கூடுதலாக விழுவது தெரிந்தால், வலுவான நியாயமும், பாதிப்பு குறைந்த மாற்றுவழி இல்லை என்ற ஆய்வும் இல்லாமல் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது. ‘ஒரு மணிக்கு ஒருமுறை’ என்பது இங்கேதான் மாட்டும்.

ஆனால் எவ்வளவு வேறுபாட்டைக் ‘கூடுதல்’ என்று கொள்வது என்பதை அந்தந்த நிறுவனமே பொதுமக்களின் கருத்தைக் கேட்டுத் தீர்மானிக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் பயணிகளில் 45 விழுக்காட்டினர் சிறுபான்மையினர் என்றும், குறைக்கப்படும் தடத்தில் அவர்கள் 60 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். வேறுபாடு 15. நிறுவனம் தன் வரம்பை 10 என்று வைத்திருந்தால் மணி அடிக்கும். 20 என்று வைத்திருந்தால் அடிக்காது. தடம் அதே தடம், பயணிகள் அதே பயணிகள். ‘பெரிய மாற்றம்’ என்பதன் வரையறையும் இப்படித்தான். தடத்தின் ஓட்ட மைல்களில் (வண்டிகள் ஓடும் மொத்தத் தொலைவில்) 25 விழுக்காடு குறைந்தால் பெரிய மாற்றம் என்று எழுதிவிட்டு, இந்த ஆண்டு 20, அடுத்த ஆண்டு 20 என்று வெட்டினால் கணக்குக்குள்ளேயே வராது. இதைத் தடுக்க, தொடர்ந்து வரும் குறைப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரி போதும். அந்த வரி எத்தனை வரைவுகளில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எனக்கு ஆண்டறிக்கைகளைவிட அந்த ஒரு வரியில்தான் நம்பிக்கை.

நடைபாதை அவர்களின் நகரத்தில் பேருந்துகள் 50க்குக் குறைவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் இந்த ஆய்வு அவர்களுக்குக் கட்டாயமில்லை. தானாக ஏற்றுக்கொள்வதை எவரும் தடுக்கவும் இல்லை.

மேற்குக்கரையான் எழுதியது:

இந்த ஆய்வைச் செய்யாமல் விட்டதற்கு என்ன விலை என்பதை சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் பார்ட் ரயில் நிறுவனம் 2010இல் தெரிந்துகொண்டது. ஓக்லாண்டு விமான நிலையத்துக்கு இணைப்பு ரயில் ஒன்று போடத் திட்டமிட்டார்கள். வழியில் வசிப்பவர்களுக்கு இடையில் ஒரு நிறுத்தமும் கிடையாது. கட்டணமோ அதுவரை ஓடிய பேருந்தைவிட மிக அதிகம். கட்டணத்தின் சுமை யார் மீது விழுகிறது என்ற ஆய்வு செய்யப்படவில்லை என்று உள்ளூர் அமைப்புகள் புகார் கொடுத்தன. கூட்டாட்சி நிர்வாகம் அதை ஒப்புக்கொண்டு, அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய 7 கோடி டாலர் பொருளாதார ஊக்கநிதியைத் தர மறுத்தது. அந்தப் பணம் அப்பகுதியின் போக்குவரத்து நிறுவனங்களின் மற்றச் செலவுகளுக்குப் போயிற்று. பார்ட் வேறு இடங்களில் பணம் திரட்டி, 2014 நவம்பரில் அந்த இணைப்பைத் திறந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே இது திட்டத்தைக் கொல்லும் கருவி அல்ல. ஆனால் அதற்குப் பின் அந்த வட்டாரத்தில் கட்டண ஆய்வை அலட்சியமாக எடுத்துக்கொண்ட அதிகாரி எவரும் இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஐயவாதி எழுதியது:

ஒவ்வொரு எடுத்துக்காட்டிலும் கடைசியில் தண்டித்தது கூட்டாட்சி நிர்வாகம். அது விரும்பாவிட்டால்? புகார் கொடுத்தவர் தாமே நீதிமன்றம் செல்ல முடியுமா?

சட்டவாசகி எழுதியது:

ஒருகாலத்தில் முடிந்தது. 1994இல் லாஸ் ஏஞ்சலஸ் போக்குவரத்து நிறுவனம் பேருந்துக் கட்டணத்தை உயர்த்தி, மாதப் பயணச் சீட்டையும் நிறுத்த முனைந்தபோது, பயணிகள் சங்கத்தினர் ஆறாம் தலைப்பின் கீழ் வழக்குத் தொடுத்தார்கள். ரயிலுக்குப் பெரும்பணம் போகிறது, பேருந்தில் வரும் ஏழைகளிடமும் சிறுபான்மையினரிடமும் கட்டணம் கூடுகிறது என்பது அவர்களின் வாதம். 1996இல் பத்தாண்டுக்கான சமரச ஆணை கையெழுத்தாயிற்று. அதில் மாதச் சீட்டு காப்பாற்றப்பட்டது. பேருந்தில் நின்றுகொண்டு வருபவர்களின் சராசரி எண்ணிக்கை முதலில் 15க்கும், படிப்படியாக 8க்கும் குறைய வேண்டும் என்று எழுதினார்கள். உரிமை என்ற பெரிய சொல்லை ‘நிற்பவர்கள் 8 பேர்’ என்று அளந்து எழுதியதுதான் அந்த ஆணையின் பலம். எவர் வேண்டுமானாலும் பேருந்தில் ஏறித் தலைகளை எண்ணிப் பார்க்கலாம்.

2001இல் கதவு சாத்தப்பட்டது. அலபாமா மாநிலம் ஓட்டுநர் உரிமத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தியதை எதிர்த்து எழுந்த சாண்டோவல் வழக்கில், உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உள்நோக்கத்தோடு செய்த பாகுபாட்டுக்குத் தனிநபர் வழக்குத் தொடுக்கலாம். நோக்கம் எதுவானாலும் விளைவு சமமற்றது என்ற அடிப்படையில் தனிநபர் வழக்குத் தொடுக்க முடியாது என்பதே அதன் சாரம். அதன் பிறகு விளைவு பற்றிய கேள்வி முழுவதும் நிர்வாகத்தின் கைக்குப் போயிற்று. புகார் கொடுக்கக் கெடு 180 நாள். விசாரிப்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

2025இல் அந்தக் கையும் பின்வாங்கியது. சுற்றுச்சூழல் நீதி, அதாவது சுற்றுச்சூழல் கேடுகளின் சுமை சிறுபான்மையினர் மீதும் ஏழைகள் மீதும் கூடுதலாக விழாமல் பார்ப்பது பற்றிய 1994ஆம் ஆண்டின் நிர்வாக ஆணை ஜனவரியில் விலக்கப்பட்டது. மொழி உதவி பற்றிய 2000ஆம் ஆண்டின் 13166ஆம் ஆணை மார்ச் மாதத்தில் விலக்கப்பட்டது. ஏப்ரலில், சமமற்ற விளைவு என்ற அளவுகோலைப் பயன்படுத்துவதை இயன்றவரை கைவிடுமாறு கூட்டாட்சித் துறைகளுக்கு ஆணை போயிற்று. சட்டத்தின் ஆறாம் தலைப்பு மட்டும் 1964இல் எழுதப்பட்டபடியே நிற்கிறது. அதை அதிபரின் ஆணையால் நீக்க முடியாது.

ஐயவாதி எழுதியது:

அப்படியானால் நான் முதலில் சொன்னதுதான் மிஞ்சுகிறது. மேலே கேட்பாரில்லை; கீழே ஏன் எழுத வேண்டும்?

சாலைப்பொறியாளர் எழுதியது:

மேலே கேட்பார் குறையும்போதுதான் கீழே எழுதி வைப்பதற்கு மதிப்புக் கூடுகிறது என்பது என் கருத்து. கூட்டாட்சி விதியைச் சுட்டி ‘அங்கே சொன்னபடி நடப்போம்’ என்று மட்டும் எழுதிய நகரத்தின் கொள்கை, அங்கே விதி மாறியதும் தானாகவே காலியாகிவிடும். தன் வரம்பையும், தன் ஆய்வையும், அதை எப்போது செய்ய வேண்டும் என்பதையும் தன் சொந்தத் தீர்மானத்தில் எழுதிய நகரத்துக்கு அந்த நிலை வராது. அது மன்றம் ஏற்ற தீர்மானம். மன்றமே மாற்றும் வரை அலுவலர்களைக் கட்டுப்படுத்தும். மாற்ற வேண்டுமென்றால் திறந்த கூட்டத்தில் கை உயர்த்தித்தான் மாற்ற வேண்டும். மாநிலச் சட்டங்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் மாநிலப் பணம் பெறும் பணிகளில் பாகுபாட்டைத் தடுக்கும் 11135ஆம் பிரிவு கூட்டாட்சி ஆணைகளை நம்பி நிற்கவில்லை.

மேற்குக்கரையான் எழுதியது:

மொழி உதவிப் பகுதியை எவரும் தொடவில்லையே. நம்மைப் போன்றவர்களுக்கு அது நெருக்கமானது. பழைய வழிகாட்டுதலில் நான்கு கேள்விகள் இருந்தன: ஆங்கிலம் சரளமாக இல்லாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு அடிக்கடி சேவைக்கு வருகிறார்கள், அந்தச் சேவை அவர்கள் வாழ்வில் எவ்வளவு முக்கியம், நகரத்திடம் என்ன வசதி இருக்கிறது. ஒரு மொழிக் குழுவில் அத்தகையோர் சேவைப் பகுதி மக்களில் 5 விழுக்காடு அல்லது 1,000 பேர், இவற்றில் எது குறைவோ அந்த அளவை எட்டினால், முக்கிய ஆவணங்களை அந்த மொழியில் தருவது கடமையை நிறைவேற்றியதற்கு வலுவான சான்றாகக் கொள்ளப்பட்டது. இப்படி ஆட்களைக் கணக்கெடுக்கும்போது அலுவலர்கள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகனையும் மகளையும் பார்த்து ‘இவர்களுக்கு ஆங்கிலம் தெரியும்’ என்று முடித்துவிடுகிறார்கள். பேருந்துக்காக நிற்பது அவர்களோடு வந்து தங்கியிருக்கும் பெற்றோர்.

இன்னொன்றும் உண்டு. மொழிபெயர்த்த அறிவிப்பு எங்கே ஒட்டப்படுகிறது என்பதைக் கேட்க வேண்டும். நகர அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், பொறுப்பு அலுவலரின் அறைக் கதவில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பேருந்துக்குள், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், நின்றுகொண்டு படிக்கும் உயரத்தில் இருக்க வேண்டிய தாள் அது. நாஷ்வில் அறிவிப்பைப் பற்றிச் சட்டவாசகி எழுதியதைப் படித்தபோது அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது.

ஏழாம் தடம் எழுதியது:

புகார்ப் படிவத்தைப் பற்றியும் ஒரு சொல். சில நகரங்களின் படிவத்தில் ‘எந்தச் சட்டப் பிரிவு மீறப்பட்டது’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேருந்து நிற்காமல் போய்விட்டது என்று சொல்ல வருகிறவர் சட்டப் பிரிவுக்கு எங்கே போவார்? நாள், இடம், தடத்தின் எண், நடந்தது என்ன என்பவை போதும். எழுத முடியாதவர் சொல்ல, அலுவலர் எழுதிக்கொள்ளும் வழியும் வேண்டும்.

நடைபாதை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பொறியாளர் ஐயா ஊகித்தது சரி; எங்கள் பேருந்துச் சேவை சிறியது, சாலைப் பணம்தான் பெரிது. அப்படியானால் சாலைத் திட்டங்களில் இந்த முன்னாய்வை எங்கே நுழைப்பது? ஒரு சாலையை அகலப்படுத்தும் முடிவு ஒரே நாளில் எடுக்கப்படுவதில்லையே.

சாலைப்பொறியாளர் எழுதியது:

நல்ல கேள்வி. சாலை வேலையில் ‘முடிவு’ என்று நாள் குறித்துச் சொல்லக்கூடியது அரிது. திட்டப் பட்டியலில் பெயர் சேர்வது, வழித்தடத்தைத் தேர்வது, வடிவமைப்பு, நிலம் எடுப்பது, ஒப்பந்தம் என்று அது பல ஆண்டுகள் நகரும். பல நகரங்கள் பொதுக் கூட்டத்தை வடிவமைப்புக்குப் பின் வைக்கும். அப்போது மாற்ற முடிவது மரங்களும் விளக்குகளும் மட்டுமே.

ஹூஸ்டனில் ஐ-45 விரிவாக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் போகவிருந்தன. 2021 மார்ச்சில் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம், ஆறாம் தலைப்புப் புகார்களை ஆராய வேண்டும் என்று சொல்லி மாநிலத் துறையை நிறுத்தி வைக்கச் சொன்னது. 2023 மார்ச்சில் ஒப்பந்தம் ஏற்பட்டு வேலை மீண்டும் நகர்ந்தது. இடம்பெயர்வோருக்கான உதவி, வடிகால், நடைபாதை போன்றவற்றில் உறுதிமொழிகள் கிடைத்தன. சாலையின் அகலம் பற்றிய அடிப்படைக் கேள்விக்கு அப்போது காலம் கடந்திருந்தது.

செயின்ட் பாலில் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். ராண்டோவை இழந்த அதே வட்டாரத்தின் வழியே இலகு ரயில் ஒன்றைத் திட்டமிட்டபோது, மற்ற இடங்களில் அரை மைலுக்கு ஒரு நிலையமும், சிறுபான்மையினர் அதிகம் வாழும் பகுதியில் ஒரு மைலுக்கு ஒரு நிலையமும் வரைபடத்தில் இருந்தன. செலவுக்கு எவ்வளவு பயண நேரம் மிச்சமாகிறது என்ற கூட்டாட்சிச் சூத்திரத்தில், கூடுதல் நிலையங்கள் மதிப்பெண்ணைக் குறைத்தன என்பதே காரணம். மக்கள் வடிவமைப்புக் கட்டத்திலேயே எழுந்து நின்றார்கள். 2010 ஜனவரியில் கூட்டாட்சி அரசு அந்தச் சூத்திரத்தைத் தளர்த்தியதும், வெஸ்டர்ன், விக்டோரியா, ஹேம்லைன் என்ற மூன்று நிலையங்கள் சேர்ந்தன. 2014 ஜூனில் ரயில் ஓடத் தொடங்கிய முதல் நாளே அவை திறந்திருந்தன. ஹூஸ்டனில் கேள்வி தாமதமாக வந்து இழப்பீடாக முடிந்தது. செயின்ட் பாலில் நேரத்தோடு வந்து நிலையமாக முடிந்தது.

ஆகவே உங்கள் கருத்தில் இப்படிக் கேளுங்கள்: நகரத்தின் மூலதனத் திட்டப் பட்டியலில், அதாவது வரும் ஆண்டுகளில் கட்டவிருப்பவற்றின் பட்டியலில், ஒரு திட்டம் சேர்க்கப்படும்போதே, அதன் பயன் யாருக்கு, சுமை யாருக்கு என்ற ஒரு பக்க ஆய்வு இணைக்கப்பட வேண்டும், அது இல்லாமல் மன்றம் வாக்கெடுப்புக்கு எடுக்கக் கூடாது. வடிவமைப்பு 30 விழுக்காடு முடியும் கட்டத்தில் அதைப் புதுப்பிக்க வேண்டும். வெறும் தார் போடும் வேலையையும் விட்டுவிடாதீர்கள். எந்தத் தெருவுக்கு முதலில் தார் என்ற வரிசைதான் ஒரு நகரத்தின் உண்மையான பட்ஜெட்.

ஐயவாதி எழுதியது:

ஒரு பக்க ஆய்வையும் மாதிரி ஆவணத்திலிருந்து நகலெடுக்க முடியும். அதில் யார் கையெழுத்திடுகிறார் என்று கேளுங்கள். ‘பொறுப்பு அலுவலர்’ என்றால் பெரும்பாலும் மனிதவளத் துறையில் வேறு ஐந்து வேலைகளோடு இதையும் பார்ப்பவர். அவருக்குப் பொறியியல் துறையை நிறுத்தி வைக்கும் அதிகாரம் கிடையாது. திட்டத்தை முன்மொழியும் துறைத் தலைவரே கையெழுத்திட வேண்டும் என்று மாற்றினால், அந்தக் கொள்கையை நானும் ஒருமுறை படித்துப் பார்ப்பேன்.

நடைபாதை எழுதியது:

அதையும் சேர்க்கிறேன். என் கருத்துரையில் ஐந்து கோரிக்கைகள் இருக்கும்: ‘திட்டங்களுக்கு மட்டும்’ என்ற வரையறையை நீக்கி நகரத்தின் பணிகள் அனைத்தையும் சேர்ப்பது, பேருந்துச் சேவை மாற்றத்துக்கு 10 விழுக்காட்டு வரம்போடு முன்னாய்வு, தொடர் குறைப்புகளைச் சேர்த்துக் கணக்கிடுவது, மூலதனப் பட்டியலில் சேரும் கட்டத்திலேயே துறைத் தலைவர் கையெழுத்திட்ட ஆய்வு, பேருந்துக்குள் அறிவிப்பு. புகார்ப் படிவத்தின் சட்டப் பிரிவுக் கட்டத்தை நீக்கச் சொல்லித் தனிக் குறிப்பும் இணைக்கிறேன்.

சட்டவாசகி எழுதியது:

அனுப்பும்போது எழுத்தர் அலுவலகத்துக்கு மட்டும் அனுப்பாமல், மன்றக் கூட்டத்தின் பதிவேட்டில் சேர்க்குமாறு கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நகரம் மாநிலத்தின் வழியே பணம் பெறுவதால் மாநிலப் போக்குவரத்துத் துறையின் குடிமை உரிமைப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். பத்து விழுக்காட்டு வரம்பை மன்றம் மறுத்தால், எந்தக் கணக்கின் அடிப்படையில் மறுத்தது என்பதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.